பதினைந்து நாளைக்கு ஒரு பாக்கெட்

ஒரு சொட்டுகூடக் குடிக்காத குடிகாரர் ஒருவரை எனக்குத் தெரியும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதுவும் நாலு பக்கப் படிவத்தில், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்.

சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, புதிதாக வந்த தொழிற்சாலைகளை நம்பிக் கட்டிய லைன் வீடுகள் அவை. வரிசையாக எட்டு வீடு, பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், எல்லாருக்கும் மேலே ஓர் ஓனரம்மா. மூன்றாவது வீட்டில் நான் தனியாக இருந்தேன். நான்காவது வீட்டில் அவரும் அவர் மனைவியும் மகளும். நடுவில் ஒரே சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால் அவர்கள் வீட்டில் மிக்ஸி ஓடினால் என் அலமாரி நடுங்கும்.

அவருக்கு அப்போது ஐம்பதை நெருங்கும் வயது. ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் கான்ட்ராக்ட் வேலை. மாலை ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிடும். தெருமுனை மளிகைக் கடைவரைக்கும் நேராக நடந்து வருவார். கடையைத் தாண்டியதும் தள்ளாட்டம் தொடங்கிவிடும். பக்கத்தில் போனால் சட்டையிலிருந்து வாடை குப்பென்று அடிக்கும். யாரிடமும் பேச மாட்டார், கத்த மாட்டார், பாட மாட்டார். யாராவது தார்ப்பாயில் கேழ்வரகு காயப் போட்டிருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு தள்ளாடுவார். பொதுக்குழாய் சொட்டிக்கொண்டிருந்தால் நின்று, திருகி இறுக்கமாக மூடிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தள்ளாடுவார்.

வாசலில் அவர் மனைவி காத்திருப்பார். அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். பூப்பண்ணையில் ரோஜா வெட்டும் வேலை. விடியுமுன் போய் மத்தியானம் வந்துவிடுவார். "வந்துட்டியா? ஊத்திக்கினு வந்துட்டியா? உனக்குன்னு ஒரு பொண்ணு இருக்குதுன்னு நெனப்பு இருக்குதா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி தொடங்குவார். சரியாக ஐந்து நிமிடம். பிறகு கதவு சாத்தப்படும். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மட்டும் அடுத்து வருவது கேட்கும்: "களி சூடா இருக்குது, கை கழுவிக்கினு வா."

ஓனரம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிற அம்மாள், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து திட்டுவார். அவரைப் பற்றி மட்டும், "தேவுடா, குடிக்கற கெட்ட பழக்கம் ஒன்னுதான். மத்தபடி தங்கம். இவனாட்டம் குடிச்சா ஊர்ல சண்டையே வராது" என்பார்.

என் வேலையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குடிக்கு அடிமையானவர்களையும் மனநோய் வந்தவர்களையும் ஊர் எப்படி ஒதுக்குகிறது என்று பெங்களூரிலிருந்து ஒரு குழு ஆய்வு செய்துகொண்டிருந்தது. அதில் நான் களப்பணியாளர். பேர்தான் பெரிது, வேலை என்னவோ கதவைத் தட்டுவதுதான். கதவைத் திறப்பவர்களுக்கு இரண்டு சின்னக் கதை படித்துக் காட்ட வேண்டும். முதல் கதையில் ஒருவர் தினமும் குடிக்கிறார், விட முடியவில்லை. இரண்டாவதில் ஒருவருக்குக் காதில் குரல் கேட்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார். இரண்டு கதைக்கும் ஒரே கேள்விகள். இவருக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பீர்களா? பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவீர்களா? இவர் குடும்பத்தில் பெண் எடுப்பீர்களா?

ஓனரம்மாவிடம்தான் முதலில் படித்தேன். முதல் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கூட்டுக்காரரப் பத்தியே எழுதிக்கினு வந்துட்டியா? வீடு குடுக்கறதென்ன, முப்பது வருசமா சோறே போட்டுக்கினு இருக்கறேன். பொண்ணா? எடுப்பேன். எவன் குடிக்கல?" இரண்டாவது கதையைப் படித்து முடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "யாரும்மா அது? நம்ம லைன்லயா?" என்று கேட்டார். கதைதான் அம்மா என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. அன்று முழுக்க எட்டு வீட்டையும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சூளகிரியில் படித்துக் காட்டிய வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான். குடிகாரருக்கு ஒரு பெருமூச்சு, ஒரு கிண்டல், ஒரு மன்னிப்பு கிடைக்கும். மற்றவருக்குச் சாத்திய கதவுதான். படித்துக் காட்டிக் காட்டி எனக்கே அந்த இரண்டாவது மனிதர் மேல் இரக்கம் வந்துவிட்டது. அவர் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாமலே இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தெரிந்தது ஒரு புதன்கிழமை. கிருஷ்ணகிரியில் ஓர் ஆஸ்பத்திரியில் புதன்தோறும் குடிநோய்க்கும் மனநோய்க்கும் ஒரே வராந்தாவில் பார்ப்பார்கள். இரண்டு பெஞ்சு, இரண்டு வரிசை: முதலாவது குடிக்கு, இரண்டாவது மனநோய்க்கு. என் கையில் இரண்டு வண்ணத்தில் படிவம்: குடிக்கு மஞ்சள், மனநோய்க்குப் பச்சை. நான் படியேறும்போது அவர் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவசரமில்லாமல் எழுந்து, வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி செய்து, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒரு வணக்கமும் வைத்தார். நானும் ஒன்றும் நினைக்கவில்லை. குடியை விட வந்திருக்கிறார், நல்லதுதானே என்று பார்த்தேன். அதற்குள் நர்ஸ் அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார். அவர் அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டு, "அண்ணா, உங்களைத்தான், எதுக்கு அங்க போய் உக்காந்தீங்க? ஏழு வருசமா வர்றீங்க, உங்க பெஞ்சு தெரியாதா?" என்று சத்தமாகக் கேட்டார்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் நின்றார். "மேடம், எழுதறதுன்னா என்னை மஞ்சள்ல எழுதிக்கோங்க" என்றார். கடையில் சட்டைக்கு நிறம் கேட்கிற மாதிரிதான் கேட்டார். ஆனால் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே டீக்கடையில் வைத்துச் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன்னால், அப்போது வேலை பார்த்த வேறொரு கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு அடியிலிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்று மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் பதில் சொல்லிவிட்டார், எல்லார் முன்னாலும், சத்தமாக. சூப்பர்வைசர் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். பெங்களூரில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மகள் அப்போது கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்டுக்காரிய ஓனரம்மா கேட்டுச்சு, ஏம்மா, உம் புருசனைக் காணோம்னு. அவ என்ன பண்ணுவா பாவம். வாய்க்கு வந்தது, குடிய நிறுத்தச் சேத்துருக்குதுன்னு சொல்லிட்டா. ஓனரம்மா நல்லது நல்லதுன்னு சொல்லி ஒரு மாச வாடகை வேணாம்னுடுச்சு. என்னா பண்றது? நான் திரும்பி வந்தேன். குடிக்கல. ஊர்ல எல்லாம் திருந்திட்டாருன்னு பேசிக்கினாங்க. ஆனா மாத்திரைக்குக் கை நடுங்குது, நாக்கு தடிக்குது, காலையில எந்திரிக்க முடியல. குடிக்காத ஆளுக்கு ஏன் நடுங்குதுன்னு கேட்டா என்ன மேடம் சொல்றது? அதுக்கோசரம் மறுபடியும் குடிக்க வேண்டியதாப் போச்சு."

குடிக்க வேண்டியதாப் போச்சு என்றால், குடித்ததாகக் காட்ட வேண்டியதாகப் போயிற்று. மாத்திரையோடு சாராயம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதற்கு முன்னாலும் அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. மாதம் இரண்டு முறை கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போவார். அங்கே அட்டைப் பாக்கெட்டில் விஸ்கி கிடைக்கும், மாம்பழ ஜூஸ் பாக்கெட் மாதிரி சின்னதாக. ஒன்றே ஒன்று வாங்குவார். தினமும் மாலை கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும், நிறுத்தத்துக்குப் பின்னால் மூடிக் கிடந்த பஞ்சர் கடை மறைவில் நின்று, மூலையில் ஊக்கால் ஒரு துளை போட்டு, கைக்குட்டை நுனியை நனைத்து, காலரில் ஒரு தேய்ப்பு, இரண்டு கையிலும் ஒவ்வொரு தேய்ப்பு. பிறகு துளையைக் கம்பெனி டேப் ஒட்டி மூடி, டிபன் பைக்குள் வைத்துக்கொள்வார். சிக்கனமாகப் பயன்படுத்தினால் ஒரு பாக்கெட் பதினைந்து நாள் வரும். தமிழ்நாட்டிலேயே இவ்வளவு குறைவாகச் செலவு செய்த குடிகாரர் அவராகத்தான் இருப்பார்.

பச்சைப் படிவத்தைத்தான் நிரப்பினேன். வேறு வழியில்லை, விதி அப்படி. கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். உங்கள் நோயைப் பற்றி யாரிடமெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள் என்று ஒரு கேள்வி. "எங்கூட்டுக்காரிய விட்டா உங்ககிட்டதான் மேடம். நீங்க மூணாவது ஆளு. முதல் ஆளு டாக்டரு" என்றார். தனிமையாக உணர்கிறீர்களா என்று ஒரு கேள்வி. ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும் என்று நாலு கட்டம் போட்டிருக்கும். அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி நாலு கட்டத்தையும் படித்தார்.

"சத்தம் வந்துக்கினு இருந்தப்ப தனியா இல்லீங்க. யாரோ கூடவே இருந்தாங்க, திட்டிக்கினாச்சும் இருந்தாங்க. மாத்திரை போட்டு அது நின்னப்புறம்தான் தனியாயிட்டேன். இதை எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

எந்தக் கட்டத்திலும் போட முடியவில்லை. பக்கத்து வெற்றிடத்தில் அப்படியே எழுதிவைத்தேன். அலுவலகத்தில் அதை அழித்துவிட்டு ஒரு கட்டத்தில் டிக் போடச் சொன்னார்கள்.

அதன் பிறகு எங்களுக்குள் ஒரு கூட்டுச் சதி மாதிரி ஆகிவிட்டது. மாலையில் நான் வாசலில் நின்றிருந்தால் தள்ளாட்டத்துக்கு நடுவில் ஓரக்கண்ணால் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது, "நடை சரியா வருதுங்களா மேடம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நடையெல்லாம் நல்லா வருதுண்ணா. ஆனா எந்தக் குடிகாரனும் சொட்டற குழாயை நின்னு மூட மாட்டான்" என்றேன். முகம் வாடிவிட்டது. "தண்ணி வீணாப் போவுதே மேடம்" என்றார். மறுநாளும் மூடினார்.

சிரித்துவிட்டேனே தவிர, அந்த வீட்டில் சிரிக்க முடியாத ஓர் ஆள் இருந்தாள். அவர் மகள். இருபத்திரண்டு வயது, செல்போன் பாகம் பொருத்துகிற கம்பெனியில் வேலை. அப்பாவோடு அவள் பேசி நாலு வருடம் ஆகியிருந்தது. அவர் சட்டையைத் தன் துணிகளோடு ஊறவைக்க மாட்டாள், தனி வாளி. அவர் வாசலுக்கு வரும்போதே காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவாள் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அவளிடமாவது சொல்லிவிடலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வேணாம் கண்ணு," என்றார் அக்கா. "அப்பன் குடிகாரன்னா கோவம் வரும், அவ்ளோதான். அப்பனுக்கு இதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு ஒருநாள் தூக்கம் வரலைன்னாகூட எனக்கும் வந்துருச்சான்னு பயப்படுவா. சும்மா அழுதாகூட பயப்படுவா. கோவமா இருந்துட்டுப் போகட்டும்."

அக்கா புருஷனின் கணக்கும் அதுதான். மகளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் இந்த வேஷம் நிற்க வேண்டும். அதற்கப்புறம் என்ன என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வரன் வந்தது. என் சொந்த ஊர்தான். பெண் பார்க்கும் முன்னால் விசாரிக்க ஆள் வருவது வழக்கம்; விசாரிக்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு யாரும் வர மாட்டார்கள், வாடகைக்கு வீடு காலியா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மாப்பிள்ளையின் அத்தை அப்படித்தான் வந்து ஓனரம்மாவிடம் அரை மணி நேரம் பேசினார். பிறகு நான் அந்த ஊர்ப் பெண் என்று கேள்விப்பட்டு என் கதவைத் தட்டினார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ஊரில் எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணு நல்ல பொண்ணுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்பன் குடிப்பானாமே?"

"குடிப்பாருங்க."

"அதான் பரவாயில்ல, இந்தக் காலத்துல எவன் குடிக்கல. ஒரு மாசம் எங்கியோ ஆஸ்பத்திரியில இருந்தான்னாங்க. குடிக்கோசரம்தானே? வேற ஒன்னும் இல்லியே? நீ நம்ம ஊருப் பொண்ணு, உங்கிட்ட மறைக்க என்னா இருக்குது. பேரம்பேத்தின்னு நாளைக்கு வருது பாரு."

மாதக்கணக்கில் நான் வீடு வீடாகக் கேட்ட கேள்வியை என் வீட்டில் உட்கார்ந்து என்னிடமே ஒருவர் கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

"வேற ஒன்னும் இல்லைங்க. குடிதான்" என்றேன்.

அத்தை நிம்மதியாகத் தம்ளரைக் கீழே வைத்தார். அன்று மாலை ஒற்றைச் சுவர் வழியாக அவர் வீட்டில் கேசரி கிண்டும் வாசனை வந்தது.

நிச்சயம் முடிந்தபின் மகள் அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். கல்யாணத்தன்று ஒருநாளாவது அப்பாவைக் குடிக்காமல் வரச் சொல், இல்லையென்றால் சித்தப்பா தாரை வார்க்கட்டும் என்றாள். இதைக் கேட்டு அவர் அடைந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். வேஷம் இல்லாமல், வாடை இல்லாமல், தான் தானாகவே போய் மணமேடையில் நிற்கலாம், மகளே சொல்லிவிட்டாள். இரண்டு நாள் ஆகாயத்தில் நடந்தார். மூன்றாம் நாள் குழாயடியில் என்னிடம் வந்து கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"தாரை வாக்கறப்ப சொம்பு ஆடுமே மேடம். எல்லாரும் பாப்பாங்க. அவ கையில தண்ணி விடறப்ப, அவளே பாப்பா. குடிச்சுட்டுத்தான் வந்துருக்கேன்னு நெனைப்பா. பத்து நாளு மாத்திரைய நிறுத்தினா கை நிக்கும் இல்ல?"

நிறுத்தாதீர்கள் என்றேன். டாக்டரிடம் கேட்போம் என்றேன். புதன்கிழமை கல்யாண வேலை இருக்கிறது என்றார். அக்காவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். "சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க மேடம்" என்று சிரித்தார். உண்மைதான், போட்டிருந்தேன். உயிருக்கு ஆபத்து வருமென்றால் சொல்லலாம் என்று அந்தப் படிவத்திலேயே ஒரு வரி உண்டு. அந்த வரி எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஞாபகம் வந்தது. கல்யாணம் கெட்டுவிடக் கூடாது என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

காவேரிப்பட்டினத்தில் சின்ன மண்டபம். அவர் புது வேட்டி, புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். சொம்பைத் தூக்கினார். கை கல் மாதிரி நின்றது. தண்ணீர் ஒரே கோடாக மகள் கையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து அவர் கையையே பார்த்தாள். சாப்பாட்டுப் பந்தி முடிந்து வண்டி ஏறப் போகும்போது அவரிடம் வந்தாள், நாலு வருடத்துக்குப் பிறகு பேசினாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"இன்னிக்கு மாதிரியே எப்பவும் இருப்பா" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இன்றைக்கு மாதிரி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவர் மகள் சொன்னபடியே இருந்தார். வாடை போயிற்று, தள்ளாட்டம் போயிற்று. அத்திப்பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மகள் கல்யாணத்தோடு குடியை விட்ட மனிதர் என்று தெருவே கொண்டாடியது. ஓனரம்மா தன் புருஷனைத் திட்டுவதற்கு அவரைத்தான் உதாரணம் காட்டினார். மளிகைக் கடையில் உட்காரச் சொல்லி ஸ்டூல் போட்டார்கள். மகள் வாரம் ஒருமுறை போன் செய்தாள். மாத்திரை போடுகிறீர்களா என்று நான் கேட்டால், "போடறேன் மேடம்" என்பார். நடுங்காத கையால் டீத் தம்ளரைப் பிடித்துக்கொண்டு சொல்வார். அந்தக் கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், நான், அந்த வேலையில் இருந்தவள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் என் கதவைத் தட்டி, "கூப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார். இல்லையே என்றேன். போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தட்டினார். மூன்றாவது முறை தட்டியபோது நான் திறந்ததும் ஒன்றும் கேட்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அலமாரிக்குப் பின்னால் கொட்டிக் கிடந்த மாத்திரைகளை அக்கா முறத்தில் அள்ளினார். வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு செய்தோம். நான் சனிக்கிழமை ஊருக்குப் போனேன்.

திங்கட்கிழமை திரும்பி வந்தபோது தெரு அவருக்கு வைத்தியம் பார்த்து முடித்திருந்தது. தானாகப் பேசுகிறார், கூப்பிடாமலே வருகிறார் என்றதும் எல்லாருக்கும் காரணம் தெரிந்துவிட்டது: குடியைத் திடீரென்று விட்டதால் மூளை கலங்கிவிட்டது, கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம், ஓனரம்மாவின் புருஷன் ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து மருந்து மாதிரி ஊற்றிக் கொடுத்திருக்கிறார். வேண்டாம் என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாராம். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, நல்லதுக்குத்தான், குடி என்று ஊட்டிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது ஓனரம்மா கண் கலங்கினார். அவர்மேல் அத்தனை பாசம் அந்தத் தெருவுக்கு.

வாழ்க்கையில் அன்றுதான் அவர் முதல் தடவையாகக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி யூனிபார்ம் போட்டுக்கொண்டு, டிபன் பை இல்லாமல் கிளம்பியவர் பஸ் ஏறவில்லை. நாட்றாம்பாளையம் பக்கம் மலை ரோட்டில் அந்த மாதிரி ஒருவரைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். போய்ப் பார்த்தோம், இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். மகள் காவேரிப்பட்டினத்திலிருந்து வந்தாள். இரண்டு மாதக் கர்ப்பம் அவளுக்கு. என்னிடம் லேப்டாப் இருந்ததால் காணவில்லை நோட்டீஸ் அடிக்க என் வீட்டில் உட்கார்ந்தோம், அக்கா, அவள், நான்.

பெயர், வயது, உயரம், யூனிபார்ம் நிறம் எல்லாம் டைப் செய்தேன். குறிப்பு என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். மனநலச் சிகிச்சையில் இருப்பவர் என்று போட வேண்டும், அப்போதுதான் பார்க்கிறவர்கள் பிடித்து உட்காரவைத்துப் போன் செய்வார்கள், காப்பகங்களில் தேடுவார்கள் என்று அக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"எங்கப்பாவுக்கு என்னா?" என்றாள் மகள்.

அக்காதான் சொன்னார். ஏழு வருடத்தையும் தரையைப் பார்த்துக்கொண்டே பத்து வாக்கியத்தில் சொல்லி முடித்தார். அவள் அழவில்லை, அம்மாவை மாறி மாறி அடித்தாள், கையால், வலிக்காமல். "ஏம்மா சொல்லல? நாலு வருசம் நான் அவருகூடப் பேசலியே" என்றாள். பிறகு அழுதாள். அழுகை நடுவில் சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "எனக்கும் வருமாக்கா?" என்று கேட்டாள். வர வேண்டும் என்று கட்டாயமில்லை என்றேன். அது அவள் எதிர்பார்த்த பதில் இல்லை.

திரையில் குறிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோடு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிப்பழக்கம் உள்ளவர்னே போட்டுருங்கக்கா. எங்க மாமியாரு வீட்ல எல்லாம் படிப்பாங்க."

அக்கா வேண்டாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தைக்குத் தண்ணீர் கொடுத்து நான் சொன்ன பதிலைத்தான் அவளும் சொன்னாள். டைப் செய்தேன்.

அந்த நோட்டீசைப் பார்த்துவிட்டு இன்றுவரை ஒரு போன்கூட வரவில்லை. முதல் பிரதியை சூளகிரி பஸ் நிறுத்தத்தில் நான்தான் ஒட்டினேன். பசை காயுமுன்னே பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், நல்ல மனிதர்தான், கையில் மாலை நேரத்துக் காய்கறிப் பை, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தார். படத்தை உற்றுப் பார்த்தார்.

"உங்கப்பாங்களா?" என்றார்.

"பக்கத்து வீடுங்க."

"குடிக்கற ஆளுதானே, பயப்படாதீங்க. எங்கியாச்சும் விழுந்து கெடப்பாரு, தெளிஞ்சா தானா வந்துருவாரு" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, வந்து நின்ற கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஓடி ஏறிக்கொண்டார்.